வெள்ளம் வடியும் வரை தங்கிய தாய்

நெய்வேலி நகரியம், வட்டம் 16. அழகிய திருச்சிற்றம்பலமுடையான் திருக்கோயிலில், ஆள் உயரத்தை விஞ்சிய ஐம்பொன் திருமேனியுடன் நடராசப் பெருமான் ஆடி நிற்கிறார். சந்நிதிக்கு வருவோரின் கண்ணில் தவறாமல் படும் பொருள்கள் இரண்டு. ஒன்று ஆராய்ச்சி மணி. மற்றொன்று மனுநீதி முறைப்பெட்டி. தம் குறையைத் தாளில் எழுதிப் பெட்டியில் இட்டு, மணியை ஒலித்து, அம்பலவாணனிடம் முறையிட்டுச் செல்வது இங்குள்ள அடியார்களின் வழக்கம்.

ஆராய்ச்சி மணி என்றவுடன் திருவாரூர் நினைவுக்கு வரும். மனுநீதிச் சோழனின் வாயிலில் அந்த மணியை அசைத்தது மனிதர் எவருமல்லர். கன்றை இழந்த ஒரு தாய்ப்பசு. வாயில்லாத தாய்க்கும் முறையிட ஒரு கயிறு வேண்டும் என்பது அந்த வரலாற்றின் உட்பொருள்.

மகளோ மருமகளோ கருவுற்ற நாள் முதல் வீட்டுப் பெரியவர்களின் வேண்டுதல் ஒன்றே: சுகப்பிரசவம் ஆக வேண்டும், தாயும் சேயும் நலமாக வீடு திரும்ப வேண்டும். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் சிதறுகாய் உடைகிறது, அர்ச்சனை நடக்கிறது, சர்க்கரைப் பொங்கல் விநியோகமாகிறது. வேண்டுதல் நிறைவேறியது என்று நெஞ்சு குளிர்கிறது. அந்த நாளிலிருந்து வீடு முழுவதும் தொட்டிலைச் சுற்றியே இயங்கத் தொடங்குகிறது. தொட்டிலுக்கு அருகில் படுத்திருக்கும் பச்சை உடம்புக்காரி, மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாதவள் ஆகிறாள். அவளுக்கென ஒரு தாள் முறைப்பெட்டியில் விழுவதில்லை.

பிரசவம் என்பது குழந்தை வெளியே வரும் அந்த நேரத்தோடு முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு இறைவனே விடை சொன்ன தலம் ஒன்று உண்டு. அது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை.

இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணின் கதை அறியாத சிவபக்தர் இரார். பேறுகாலம் நெருங்கியது. பூம்புகாரிலிருந்து தாய் வர வேண்டும். அவள் புறப்பட்டும் வந்தாள். காவிரியில் வெள்ளம் பெருகி அக்கரையிலேயே தடுத்துவிட்டது. இக்கரையில் மகள் வலியால் துடித்தாள். சிராப்பள்ளி ஈசனை அழைத்தாள். கதவைத் திறந்துகொண்டு தாய் வந்தாள். தோளில் மூட்டை, கையில் மருந்து, முகத்தில் பெற்றவளின் பரிவு. பிரசவம் இனிதே நடந்தது.

பெரும்பாலோர் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். ஆனால் தலவரலாறு இங்கு நிற்கவில்லை. குழந்தை பிறந்தவுடன் பெருமான் மறைந்துவிடவில்லை. வெள்ளம் வடியும் வரை அந்த வீட்டிலேயே தாயாகத் தங்கினார். பெற்றவளுக்கும் பிறந்ததற்கும் வேண்டிய பணிவிடைகளை எல்லாம் தம் கையாலேயே செய்தார். வெள்ளம் தணிந்து உண்மையான தாய் வாயிலில் வந்து நின்றபோதுதான், ஒரே வடிவில் இரு தாயரைக் கண்டு மகள் திகைத்தாள். வந்தவர் மட்டுவார்குழலியோடு விடைமேல் காட்சி தந்து மறைந்தார். அன்று முதல் அவர் தாயுமானவர்.

மலைக்கோட்டையில் சித்திரைப் பெருவிழாவின் ஒரு நாள் இந்த நிகழ்ச்சி இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது. அந்த வைபவத்தின் பெயரைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அது 'செட்டிப்பெண் அருள்பெற்ற விழா' என்றோ 'திருக்காட்சி விழா' என்றோ வழங்கப்படவில்லை. 'செட்டிப்பெண் மருத்துவம்' என்பதே அதன் பெயர். திரையிட்டு நடக்கும் அந்த வைபவம் முடிந்ததும் அடியார்களுக்குப் பிரசவ மருந்தும் தைலமும் பிரசாதமாகக் கொடுக்கப்படுகின்றன. கருவுற்ற பெண்களின் குடும்பத்தார் வாழைத்தார் சமர்ப்பித்து வழிபடும் அதே சந்நிதியில்தான் இது நிகழ்கிறது. பெருமான் அருளியது வரம் மட்டும் அன்று; மருத்துவமும்கூட. அந்த மருத்துவத்தின் பெரும்பகுதி பிரசவத்துக்குப் பின் நிகழ்ந்தது.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்தக் கதை மற்ற ஊராரைவிடச் சற்று நெருக்கமாகவே இருக்க வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரிந்தது. 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். முந்திரித் தோப்புகளும் செம்மண் மேடுகளுமாக இருந்த இடத்தில் வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் இளங்குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவ்வீடுகளில் மாமியார் இல்லை; அத்தை இல்லை; கொல்லைப்புறத்தில் கூப்பிட்டால் ஓடிவரும் சித்தி இல்லை. கணவனோ இரவுப் பணியில். வலி கண்டால், பிள்ளை பெற்று வீடு திரும்பினால், மிளகு ரசம் வைத்துக் கொடுத்ததும் குழந்தையைக் குளிப்பாட்டியதும் அடுத்த வீட்டு அம்மாள்தான். அவர் பேசியது தெலுங்கோ மலையாளமோ. அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. காவிரி வெள்ளம் இல்லாத ஊரிலும் தூரம் என்ற வெள்ளம் இருந்தது. தாயுமானவர்கள் அடுத்த வீட்டிலிருந்தே வந்தார்கள்.

அந்த இளம்பெண்கள் இன்று பாட்டிமார். கணவர் பணி ஓய்வு பெற்றதும் நிறுவனத்தின் வீட்டை ஒப்படைத்துவிட்டு வடலூரிலோ இந்திரா நகரிலோ மந்தாரக்குப்பத்திலோ வீடு கட்டிக் குடியேறியவர்கள் பலர். மகள் சென்னையிலோ பெங்களூரிலோ பணியில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். வந்த நாள் முதல் அந்த வீட்டில் செங்கோல் பாட்டியின் கையில். எதை உண்பது, எப்போது குளிப்பது, யார் உள்ளே வரலாம், எந்த நாளில் வாசற்படி தாண்டலாம் என்பதை எல்லாம் அவரே தீர்மானிக்கிறார். மருத்துவர் சொல்வது வாரத்தில் ஒரு முறை. பாட்டி சொல்வது நாளுக்கு நூறு முறை. ஆகவே பெற்றவளின் நலம் பெரும்பாலும் பாட்டியின் அறிவிலும் கருணையிலுமே நிற்கிறது.

தமிழ்நாட்டில் இன்று வீட்டுப் பிரசவம் அருகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. ஆயினும் 2018-20 காலத்து அரசுக் கணக்கின்படி, உயிரோடு பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 54 தாய்மார் தமிழ்நாட்டில் உயிரிழந்தனர். இந்தியா முழுமைக்கும் அந்த எண் 97. நம் மாநிலம் எவ்வளவோ மேல் என்று மகிழலாம். அந்த 54 வீடுகளில் தொட்டில் மட்டும் ஆடியது என்பதையும் மறத்தற்கில்லை. தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து மிகுந்தவை பிரசவத்தை ஒட்டிய முதல் சில நாட்களே என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாட்கள் பெரும்பாலும் வீட்டில் கழிகின்றன.

'ஜன்னி' என்ற சொல் எழுபதைக் கடந்தவர்களுக்குத் தெரியும். 'பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள்' என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியம்மாவைப் பற்றியோ அத்தையைப் பற்றியோ சொல்லக் கேட்டிருப்பர். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருந்தன. ஒன்று கருப்பையில் கிருமி புகுந்து இரத்தத்தில் பரவும் காய்ச்சல். மற்றொன்று இரத்த அழுத்தம் எல்லை மீறி உயர்ந்து வலிப்பில் முடிவது. இரண்டுக்கும் இன்று மருந்து உண்டு. ஆனால் இரண்டும் தொடக்கத்தில் தம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை.

முதலாவதைப் பற்றி உலகம் அறிந்துகொண்ட விதம் வியப்புக்குரியது. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப்பரிசோதனை அறையிலிருந்து மாணவர்கள் நேரே பிரசவ அறைக்கு வருவதைக் கவனித்தார். அவ்வறையில் தாய்மார் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் மடிந்தனர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று அவர் விதித்தார். மரணம் வெகுவாகக் குறைந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர்கள் பலர் அதை அவர் வாழ்நாளில் ஏற்கவே இல்லை என்பது வேறு கதை. இங்கோ, பிள்ளை பெற்ற அறைக்குள் நுழைபவர் கால் கழுவி வர வேண்டும், வெளியே சுற்றி வந்த துணியோடு குழந்தையைத் தொடக்கூடாது என்று பாட்டிமார் நெடுங்காலமாகவே விதித்து வந்தனர். கால் கழுவும் அந்த ஆசாரத்தோடு, சோப்பிட்டுக் கை கழுவுவதையும் சேர்த்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை.

ஆசாரங்கள் எல்லாம் இப்படிப் பொருத்தமாக அமைந்துவிடுவதில்லை. தண்ணீர் விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். 'பச்சை உடம்பு, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும்' என்று நாளுக்கு ஒன்றிரண்டு தம்ளரோடு நிறுத்தும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் பெண்ணின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். நீர் குறைந்து, எழுந்து நடமாடாமல் படுத்தே கிடந்தால், கால் நரம்பில் இரத்தம் கட்டியாக உறையக்கூடும். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி எடுத்தால், விளக்கெண்ணெய் தடவி உருவிவிடக் கூடாது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மேலும், பாலூட்டுகிறவளுக்குத் தாகம் எடுப்பது இயல்பு. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவளுக்கு மறுப்பதை எந்தச் சாத்திரமும் தருமம் என்று சொல்லவில்லை.

பத்தியமும் அவ்வாறே. பூண்டுக் குழம்பையும் சுக்கு மிளகு ரசத்தையும் பிரசவ லேகியத்தையும் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. தாய்வீட்டு மணமே அதில்தான் இருக்கிறது. ஆனால் பருப்பு வேண்டாம், காய் வேண்டாம், பழம் குளிர்ச்சி, தயிர் ஆகாது என்று விலக்கிக்கொண்டே போனால் இலையில் எஞ்சுவது ரசஞ்சோறு மட்டுமே. இரத்தம் இழந்த உடல், இன்னொரு உயிருக்குப் பால் சுரக்கும் உடல், கர்ப்ப காலத்தைவிட அதிகமாக உண்ண வேண்டிய உடல் அது. வடலூர் தருமச்சாலையில் 1867-இல் வள்ளற்பெருமான் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்தவர் எவராயினும் சாதி சமயம் கேளாமல் அங்கு உணவு உண்டு. அந்த அடுப்புக்கு அருகிலுள்ள ஊர்களிலேயே, சொந்த மகள் பத்தியத்தின் பெயரால் அரைவயிற்றோடு படுப்பாளாயின், அதை ஜீவகாருண்யம் என்று சொல்ல இயலுமா? கீரை, பருப்பு, பயறு, பால், பழம் எல்லாம் அவளுக்கு வேண்டும். மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம், அதாவது 180 நாட்கள், தொடர வேண்டியவை. பிள்ளை பிறந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று அலமாரியில் வைத்துவிடுவது பெருவழக்கு. இரண்டு மாத்திரைகளையும் ஒரே வேளையில் விழுங்காமல், இரும்புச்சத்தைக் காப்பியோடு சேர்க்காமல், வேளை பிரித்துக் கொடுப்பதைப் பாட்டியைவிடச் செம்மையாக யாரும் செய்ய முடியாது.

இனி, ஜன்னியின் தொடக்கத்துக்கு வரலாம். பெற்று நான்கைந்து நாட்களான பெண் 'தலை வலிக்கிறது' என்கிறாள். 'பனிக்காற்று பட்டுவிட்டது' என்று காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, நெற்றியில் சுக்குப்பற்று இடுவர். பல நேரங்களில் அது வெறும் தலைவலிதான். ஆனால் விடாத கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, கண்முன் மின்மினி பறந்தாலோ, மேல்வயிற்றில் வலித்தாலோ, முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, அது இரத்த அழுத்தம் உயர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் அழுத்தம் சரியாகவே இருந்த பெண்ணுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் வரை இது வரக்கூடும். பஞ்சு வைக்கும் நேரத்தில் அழுத்தத்தை அளந்துவிடலாம். வயதானவர்கள் உள்ள வீடுகளில் அழுத்தம் பார்க்கும் கருவி பெரும்பாலும் இருக்கிறது. தாத்தாவுக்கு நாள்தோறும் கட்டும் அந்தப் பட்டையை ஒரு முறை மகளின் கையிலும் கட்டிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ தொட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160-ஐயோ 110-ஐயோ தொட்டால் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

காய்ச்சலுக்கும் ஒரு பழைய பெயர் உண்டு: பால் காய்ச்சல். மார்பில் பால் கட்டி உடல் காய்வது உண்மையே. அந்தப் பெயரின் நிழலில் கருப்பைக் கிருமியும், தையல் புண்ணின் சீழும் மறைந்துகொள்வதுதான் விபரீதம். உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டு, அடிவயிற்றில் வலியோ, வெளிப்படும் தீட்டில் துர்நாற்றமோ இருந்தால் கஷாயம் காய்ச்சிக் காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலும் அப்படியே. அறுவைப் பிரசவம் ஆனவளுக்குத் தையலின் மேல் வேட்டித் துணியால் இறுகக் கட்டுவதும், வெந்நீரை வேகமாக வீசி ஊற்றுவதும் புண்ணை நோகச் செய்யும்.

இவ்விடத்தில் தீட்டு என்ற சொல் பல குடும்பங்களில் ஒரு தடையாக எழுகிறது. பத்து நாளா, பதினாறு நாளா, நாற்பது நாளா என்பது குலத்துக்குக் குலம் மாறும். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் செய்து பெயர் சூட்டும் வீடும் உண்டு. நாற்பது நாளும் பெற்றவளை அறையை விட்டு வெளியே விடாத வீடும் உண்டு. அந்த விதிகளின் உள்ளத்தைப் பார்த்தால், அவளை விலக்கி வைப்பதைக் காட்டிலும் அவளுக்கு ஓய்வு தருவதே நோக்கம் என்பது விளங்கும். நீர் இறைக்க வேண்டா. அடுப்படிக்கு வர வேண்டா. விருந்தினரை உபசரிக்க வேண்டா. கூட்டுக்குடும்பத்தின் ஓயாத வேலையிலிருந்து ஒரு பெண்ணுக்குச் சட்டபூர்வமாகக் கிடைத்த விடுப்பு அது. விலக்கப்பட்டவை கோயிலும் பூசையறையும் அடுக்களையும். மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருந்ததே இல்லை. 'நாற்பது கழியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று மகளின் இரத்தப்போக்கைத் தள்ளிவைப்பவர், 'ஆபத்துக்குப் பாவமில்லை' என்று சொன்ன அதே முன்னோரை மறந்துவிடுகிறார்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று எஞ்சியிருக்கிறது. பிரசவமான மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பெண் காரணமின்றி அழுவாள். உடலில் சுரப்புகள் சட்டென மாறுவதால் நேரும் இந்தக் கண்ணீர் இரண்டு வாரங்களுக்குள் தானே அடங்கும். அடங்காமல், உண்ணவும் உறங்கவும் மனமின்றி, பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பாராமல், 'நான் இருந்து என்ன பயன்' என்று அவள் சொல்லத் தொடங்கினால் அது நோய். கண் பட்டது என்றும், காற்றுச் சேட்டை என்றும், 'நாங்கள் எட்டுப் பெற்றோமே, இப்படியா அழுதோம்' என்றும் சொல்லிவிடுவது எளிது. அந்த எட்டில் எத்தனை முறை கிணற்றடியில் தனியே நின்று அழுதோம் என்பதைப் பாட்டி மனத்துக்குள் எண்ணிப் பார்க்கட்டும். திருநீறு இடலாம், மந்திரித்துக் கயிறு கட்டலாம், தவறில்லை. அதோடு மருத்துவரிடமும் காட்ட வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் தமிழில் கிடைக்கிறது. இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலோ, அவளை ஒரு கணமும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

இந்த நாட்களுக்கென அரசு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும் என்பது நாடு தழுவிய திட்டம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியர் தாயையும் சேயையும் பார்க்க வருகிறார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிகளின்படி, பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். அதன்பின் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு முறை, இரண்டாம் வாரத்துக்குள் ஒரு முறை, ஆறாம் வாரத்தில் ஒரு முறை தாயைச் சோதிக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987 முதல் நடக்கும் மகப்பேறு நிதியுதவி பற்றித் தெரியாத வீடில்லை. இந்தச் சோதனைகளைப் பற்றித் தெரிந்த வீடு அவ்வளவு இல்லை.

நெய்வேலி போன்ற ஊரில் இதில் ஒரு சிக்கல் நேர்கிறது. மகளின் பெயர் பதிவானது கணவன் ஊரில். பிரசவம் தாய்வீட்டுப் பக்கம். அங்குள்ள செவிலியர் இவள் ஊரில் இல்லை என்று குறித்துக்கொள்கிறார். இங்குள்ள செவிலியருக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. மூன்றாம் மாதம் அவள் திரும்பிப் போகும்போது ஆறாம் வாரம் கடந்திருக்கும். காவிரி வெள்ளத்தைப் போல இரு கரைகளுக்கும் நடுவே அவள் விடுபட்டுப் போகிறாள். மகள் தாய்வீட்டுக்கு வந்த வாரமே, கர்ப்பப் பதிவு அட்டையோடு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அவள் காட்டிக்கொள்ளும் மருத்துவமனையிலோ சொல்லிவைத்தால் போதும். ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் காலை நடையின்போதே செய்துவிடக்கூடிய வேலை இது.

நாற்பத்திரண்டாம் நாள் சோதனையில் பெரிதாக என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்போர் உண்டு. இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்தச்சோகை நீங்கியதா என்று பார்ப்பார்கள். தையல் ஆறியதா, கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கியதா, மார்பில் கட்டியோ வெடிப்போ உண்டா என்று பார்ப்பார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மறுபடி இரத்தம் சோதிப்பார்கள். பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று நம்பி விடுபவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் அது நிரந்தரமாகத் திரும்புகிறது. இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதைத் தாயிடம்கூடச் சொல்லக் கூசுகிறவள், மருத்துவர் கேட்டால் சொல்வாள். அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி என்பதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

நெய்வேலி வில்லுடையான்பட்டில் கோயில் கொண்டிருக்கும் சிவசுப்பிரமணிய சுவாமிக்குப் பங்குனி உத்திரத்தில் காவடிகள் அணி அணியாக வரும். பிறந்த குழந்தையை முதன்முதலில் அழைத்துச் சென்று அவன் திருமுன் கிடத்தி எடுப்பதும் இப்பகுதிக் குடும்பங்களின் ஆசை. சரவணப் பொய்கையில் தோன்றிய அக்குழந்தைக்குப் பாலூட்டியவர் ஒருவர் அல்லர். கார்த்திகைப் பெண்கள் அறுவர். ஒரு பிள்ளையை வளர்க்க ஆறு தாயர் தேவைப்பட்டனர் என்பதை மருமகளின் பக்கம் நின்று நினைத்துப் பார்த்தால், இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது பாட்டியும் எழுந்து ஒரு நாழிகை தோளில் போட்டு நடக்கத் தோன்றும். கணவனை எழுப்பினாலும் குற்றமில்லை.

நாற்பது கழிந்து கோயிலுக்குச் செல்ல நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் குறிக்கப்படுகிறது, ஆட்டோவுக்குச் சொல்லப்படுகிறது, பட்டுச் சட்டை தைக்கப்படுகிறது. அதே நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டால், வழியில் மருத்துவமனையும் ஆகிவிடும். முதலில் அங்கே, பிறகு வில்லுடையான்பட்டு. குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசியும் அப்போதுதான் வருகிறது. அட்டையைப் பூக்கூடையிலேயே வைத்துக்கொள்ளலாம். மரப்பலகையில் பாட்டி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். தாத்தா அர்ச்சனைத் தட்டையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் ஒன்றாகப் பிடித்திருக்கிறார். உள்ளே, கதவுக்கு அப்பால், மருத்துவர் மகளின் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்கிறார்: "பிள்ளை இருக்கட்டும், நீ எப்படியம்மா இருக்கிறாய்?"